உள்ளங்கால் பார்ப்பவர்கள்

நாத்தனார் வாயால் அண்ணிக்கு நல்ல பேர் கிடைத்ததாக எந்தக் குடும்பத்திலும் சரித்திரம் இல்லை. அதனால் நான் சொல்வதைச் சந்தேகத்தோடுதான் கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். என் அண்ணியின் செருப்புக்கடையில் ஏணிக்குக் கீழே உட்கார்ந்து பார்சல் கட்டியவள் நான். அவளோடு நான் சண்டை போடாத வாரம் கிடையாது. ஆனாலும் நடந்தது நடந்ததுதானே.

பேருக்குக் கடை அண்ணனுடையது. பேருந்து நிலையத்தின் பின்தெருவில், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டி, எந்நேரமும் பசையும் ரப்பரும் கலந்த வாசம். அண்ணன் விற்பான்; கொள்முதலும் கணக்கும் அண்ணி. "செருப்புதான் காலுக்குப் பழகணும், கால் செருப்புக்குப் பழகக் கூடாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் வசனம் பேசுவான். அப்படிப் பேசியவன் ஒரு கல்யாணத்துக்குக் கூர்மூக்கு ஷூ ஒன்றைப் புதிதாக மாட்டிக்கொண்டு போய், நாள் முழுக்க நின்று பந்தா பண்ணிவிட்டு வந்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது இதுதான். அவனுக்குச் சர்க்கரை நோய். காலில் உணர்ச்சி ஏற்கெனவே பாதி போயிருந்தது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஷூ கடித்தது தெரியவில்லை. தெரிந்தபோது வெட்கம். செருப்புக்கடைக்காரனைச் செருப்பு கடித்தது என்று வெளியே சொல்ல முடியுமா? சாக்ஸுக்குள் மறைத்து வைத்தான். மறைத்த புண் சும்மா இருக்குமா? வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

அண்ணி அழுததை நான் பார்க்கவில்லை. கோபப்பட்டதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்ததும், "ஏங்க, எங்கிட்டக் காட்றதுக்கு என்ன?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே கேட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்டாள், மாத்திரை கொடுக்கும்போது கேட்டாள். வாயாடி என்று பேர் வாங்கிய என் அண்ணன் அப்போதெல்லாம் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்வான்.

செயற்கைக் கால் அவனுக்கு ஒத்துவரவில்லை, ஊன்றுகோல்தான். அதனால் இடது செருப்பு மட்டும் போதும். அவன் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு வலது மிஞ்சிப் பரண்மேல் போய்ச் சேர்ந்தது. கடைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. புது மாடல் வந்தால் அண்ணி அதில் படம் போடுவாள், நாங்கள் மூன்று பேரும் லைக் போடுவோம், அதோடு சரி. ஒருநாள் பரண்மேல் கிடந்த வலதுகளைத் துடைத்து வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். "எட்டாம் நம்பர், வலது மட்டும், புதுசு. இடது கால் இல்லாதவங்க இருந்தா சொல்லுங்க, அனுப்பறேன்."

"அண்ணி, கடை மானத்தை வாங்காதீங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ தூரத்து ஊரிலிருந்து ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர் குரல் அனுப்பினார். பின்னால் யாரும் பேசும் சத்தம் இல்லாத வீடு. "அம்மா, நான் எட்டாம் நம்பர்தான். எனக்கு இடது கால் போயிடுச்சு. இங்க இடது செருப்பாக் குமிஞ்சு கிடக்கு. தூக்கிப் போடவும் மனசு வரலை, வெச்சுக்கவும் வழி தெரியலை" என்றார். அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "என்ன கலரு?" என்று ஆரம்பித்தவன் சாப்பாடு ஆறும்வரை பேசினான்.

அதிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான். போனில் காட்டிக் காட்டி ஒரு மாடலைத் தேர்ந்தெடுப்பார்கள். இடது எங்கள் வீட்டுக்கு, வலது அவருக்கு. ஒரு செருப்பு மட்டும் பெட்டிக்குள் உருளக் கூடாதென்று மற்ற பாதியில் நான் காகிதத்தைச் சுருட்டி அடைப்பேன். தேர்வு லேசில் முடியாது. அண்ணனுக்குக் கறுப்பு, கண்டக்டருக்குப் பழுப்பு. "கறுப்புன்னா முப்பது வருஷம் யூனிஃபார்மோட போட்டுச் சலிச்சுட்டேன்யா" என்பார் அவர். "உங்க காலுக்காக எங்காலு ஏன் பழுப்பு போடணும்?" என்பான் இவன். கல்யாணத்தில் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் போடும் சண்டை தோற்றுப்போகும். அதைக் கேட்டுத்தான் நான், "செருப்புச் சம்பந்திங்க சண்டை முடிஞ்சுதா?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவர் அண்ணனைச் சம்பந்தி என்றார், அண்ணியைச் சம்பந்தியம்மா என்றார். நேரில் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

ஒருவர் கேட்டால் இன்னொருவர் கேட்கத்தானே செய்வார். அண்ணி அவர்களுக்கென்று தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தாள். "பாதி ஜோடி" என்று அண்ணன் பேர் வைத்தான். அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. அளவும் பக்கமும்தான் பேர். அண்ணன் எட்டு-இடது, கண்டக்டர் எட்டு-வலது. ஒரு பள்ளிக்கூட கிளார்க் அம்மா ஐந்து-இடது. அவருக்கு ஜோடி கிடைக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. கிடைத்த அன்று பெண் பார்த்து நிச்சயமானது மாதிரி எல்லாரும் வாழ்த்தினார்கள். என்னைச் சேர்க்கவில்லை. "உனக்குத் தகுதி பத்தாது, ரெண்டு காலும் இருக்கு" என்றான் அண்ணன்.

செருப்புக்காகச் சேர்ந்த கூட்டம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஒருநாள் சாயங்காலம் அண்ணி குரூப்பில் குரல் போட்டாள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. கல்லா மேசைமேல் கையூன்றி நின்றுகொண்டு பேசினாள். "எங்க வீட்டுக்காரர் கொப்புளத்தை மறைச்சு வெச்சாரு, கால் போச்சு. உங்கள்ல நிறையப் பேருக்கு மிச்சக் கால்லயும் உணர்ச்சி இல்ல. அவங்கவங்க உள்ளங்காலை அவங்கவங்க பாத்துக்க முடியாது. தினம் விளக்கு வெச்ச நேரத்துல ஆளுக்கொரு போட்டோ அனுப்புங்க. நான் பாக்கறேன். மத்தவங்களும் பாருங்க."

ஒரு கால் போனவருக்கு மிஞ்சிய கால்தான் வீடு, வேலை, கக்கூஸ், கடைத்தெரு, எல்லாம். அதுவும் போனால் கட்டில்தான். அதனால் வெட்கத்தை விட்டு அனுப்பினார்கள். விளக்கு வைத்ததும் குரூப் முழுக்க உள்ளங்காலாக நிறையும். பித்தவெடிப்பு, ஆணி, கரண்டை வரைக்கும் வீங்கியது, மருதாணி வைத்தது. "ஆரம்பிச்சாச்சா பாத தரிசனம்" என்று நான் முணுமுணுப்பேன். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, விரலிடுக்கு, குதிகால், பக்கவாட்டு என்று பார்த்து, அவரவருக்குத் தனியாகக் குரலில் சொல்வாள். "சுத்தம்ணே." "சுத்தம்க்கா." சந்தேகமாக இருந்தால், "நாளைக்கு வேண்டாம், இப்பவே டாக்டரைப் பாருங்க." அப்படி எத்தனையோ கொப்புளத்தை ஆரம்பத்திலேயே பிடித்திருக்கிறார்கள். கிளார்க் அம்மாவின் குதிகாலில் குத்தியிருந்த குண்டூசியைக் கண்டுபிடித்தது கண்டக்டரின் அடுத்த ஊர்க்காரர் ஒருவர். அந்த அம்மாவுக்கு அது குத்தியதே தெரியாது. கூடப் பிறந்தவர்கள் செய்வார்களா இதை?

கண்டக்டருக்கு இந்தக் குரூப் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. போகப்போகச் சர்க்கரை கண்ணையும் தொட்டுவிட்டது. எழுத்து தெரியாது, முகம் மங்கல், பளிச்சென்ற நிறம் மட்டும் தெரியும். டம்ளர்மேல் போனைச் சாய்த்து வைத்து, நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, போன் தானாகப் படம் எடுக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாராம். பிறகு அண்ணியின் குரல் வரக் காத்திருப்பார். "சம்பந்தியம்மா சுத்தம்னு சொன்னாத்தான் எனக்குத் தூக்கமே வரும்" என்பார்.

அப்போதுதான் ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் வந்தார். ஷூ வாங்க வந்த நல்ல மனுஷன். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சம்பந்திகள் போனில் நிறச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து மெய்மறந்து நின்றார். "இதை ஒரு வீடியோவா எடுக்கலாம். குரூப் லிங்க்கையும் சேர்த்துப் போட்டா, ஜோடி கிடைக்காம இருக்கறவங்க எல்லாம் வந்து சேருவாங்க" என்றார். அண்ணி யோசித்தாள். கடை பிரபலமாக வேண்டுமென்ற ஆசையில் அவள் சம்மதிக்கவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். நான்கு-வலது ஒரு பெண் ஜோடியில்லாமல் கிடந்தாள், அவளை நினைத்துத்தான் சரி என்றாள்.

வீடியோ காட்டுத்தீ மாதிரி பரவியது. நான்கு-வலதுக்கு ஜோடி கிடைத்தது. இன்னும் பலருக்குக் கிடைத்தது. கூடவே இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களும் கும்பல் கும்பலாக வந்தார்கள், அன்பைத் தெரிவிக்க. காலையில் வாழ்த்து, மத்தியானம் தத்துவம், சாயங்காலம் கண்ணீர். உள்ளங்கால்கள் நடுவில் காணாமல் போயின. பதில் சொல்லிச் சொல்லி அண்ணிக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. கிளார்க் அம்மாதான் ஒரு யோசனை சொன்னார்: "நீங்க ஒருத்தரே எத்தனை பேருக்குச் சொல்வீங்க? பாத்தவங்க போட்டோ மேல ஒரு சிவப்பு ஹார்ட் போட்டுடட்டும். ஹார்ட் இருந்தா பாத்தாச்சு, சுத்தம்னு அர்த்தம்." எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அண்ணிக்கும்தான். அன்றிலிருந்து அவள் ஹார்ட் விழாத படங்களை மட்டும் தேடித் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தாள். விழுந்ததைத் தாண்டிப் போனாள்.

இதில் என்ன ஓட்டை என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஹார்ட் என்றால் ஹார்ட்தான். வீடியோவில் பார்த்த பழுப்புச் செருப்பு அய்யா கால் படம் போட்டால், ஆசையாக ஒன்றைத் தட்டிவிட்டுப் போனார்கள். குரூப்பிலேயே எல்லாருக்கும் செல்லம் கண்டக்டர். அவர் படம் வந்து விழுந்த கணத்திலேயே சிவந்துவிடும். அதனால் அவர் காலை மட்டும் யாருமே பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவரிடமிருந்து படம் வரவில்லை. அண்ணன்தான் முதலில் கவனித்தான். "சம்பந்தி இன்னும் வரலையே" என்று போன் போட்டான். எடுக்கவில்லை. கிளார்க் அம்மா யாரையோ பிடித்து, அவர்கள் யாரையோ பிடித்து, கண்டக்டரின் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்தால், மனுஷன் கொதிக்கிற காய்ச்சலில் தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, அழுகிப் பள்ளமாகியிருந்தது. விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது, காலை எடுத்தாலும் தாங்குவாரா தெரியாது என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது.

அன்றைக்குக் கடையைப் பாதியில் சாத்தினோம். அண்ணி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, குரூப்பில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். கண்டக்டரின் முந்தின நாள் படம், அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். முதலில் கறுப்பு. அடுத்ததில் கொப்புளம். அடுத்ததில் வெறும் சிவப்புப் புள்ளி. ஒவ்வொன்றின் கீழும் எண்ண முடியாத இதயங்கள். அவற்றில் பழைய ஆட்கள் போட்டதும் இருந்தது. இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே என்று நம்பிப் போட்டிருப்பார்கள். அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தாள். "பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேடி இது புண்ணுன்னு" என்றாள். அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன்.

மறுநாள் நாங்கள் மூவரும் ரயிலேறிப் போனோம். சம்பந்திகள் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டது அந்த வார்டில்தான். மெலிந்த, உயரமான மனுஷன். வீடியோவில் குண்டாகத் தெரிவார். அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமே பேசிப் பழகியவர்கள், பார்த்துப் பழகாதவர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள்.

"சம்பந்தியம்மா வந்திருக்காங்களா?" என்றார் கண்டக்டர்.

"இங்கதாண்ணே இருக்கேன்."

"ஒண்ணு மட்டும் புரியலைம்மா." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "போன வாரமெல்லாம் எல்லாரும் செவப்பு போட்டிருந்தீங்களே. எனக்குச் செவப்பு மட்டும் நல்லாத் தெரியும். அவ்வளவு செவப்பு வேற யாருக்குமே விழாதுன்னு கிளார்க்கம்மாகூடச் சொன்னாங்க. அப்புறம் எப்படி? ஒரே ராத்திரியில வந்திருக்குமா இது?"

அண்ணன் முந்திக்கொண்டான். "ஆமா சம்பந்தி. சில சமயம் அப்படித்தான் திடீர்னு வந்துடும். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிக்கொண்டே அண்ணியைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணால் கெஞ்சினான். நானும் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். ஒரு பொய், சாகக் கிடக்கிற மனுஷனுக்கு. அதில் என்ன கெட்டுப்போகும்?

"இல்லண்ணே" என்றாள் அண்ணி. "ஒரு வாரமாவே இருந்திருக்கு. போட்டோவுல நல்லாவே தெரியுது. எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. யாரும் பாக்கலை."

அவர் அண்ணியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீங்களுமா பாக்கலை?"

"பாக்கலைண்ணே. நிறையச் செவப்பு இருந்ததால தாண்டிப் போயிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். பரவாயில்லை போங்க என்பாரென்றும் நினைத்தேன். பெரிய மனுஷர்கள் அப்படித்தானே சொல்வார்கள். இரண்டுமே இல்லை. "நான் அதைப் பாத்துட்டுத்தானேம்மா தினம் நிம்மதியாத் தூங்குனேன்" என்றார். குரலில் கோபம் இல்லை, கணக்கு உதைக்கிற குழப்பம்தான் இருந்தது. பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் பிடித்திருந்த கையை மட்டும் அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

காலை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் கண் விழிக்கவேயில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அண்ணன் வெடித்தான். "உண்மை பேசி என்னடி கிழிச்ச? அந்த மனுஷன் நிம்மதியாப் போயிருப்பான்ல?" அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவரு என்னைக் கேட்டாருங்க" என்றாள். "தினமும் எங்கிட்டத்தானே கேட்டாரு. அன்னிக்கு ஒருநாளாவது பாத்துச் சொல்ல வேணாமா?" எனக்கு அப்போது அண்ணன் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இப்போது கேட்டால், தெரியாது என்பேன். எத்தனையோ விஷயத்தில் அண்ணியைக் குறை சொல்லியிருக்கிறேன், இதில் மட்டும் என் வாய் எழவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் அண்ணன் குரூப்பில் எழுதினான்: "எட்டு-வலது நம்மை விட்டுப் போய்விட்டார்." அதைத் தட்டி முடிக்கவே அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. அனுப்பியதுதான் தாமதம், அதன் கீழே இதயங்கள் விழ ஆரம்பித்தன. சடசடவென்று, மழை மாதிரி. பழுப்புச் செருப்பு அய்யாவுக்கு இதயம், உடைந்த இதயம், சிறகு முளைத்த இதயம். அண்ணன் போனை வீசியெறியப் போனான், நான்தான் பிடித்தேன். அந்தச் சிவப்புக்கு நடுவில் பழைய ஆட்களிடமிருந்து ஒவ்வொன்றாக எழுத்து வந்தது. கிளார்க் அம்மா எழுதியிருந்தார்: "அவர் கடைசியா அனுப்பின போட்டோவை இப்பத்தான் பார்த்தேன்." ஒன்பது-இடது எழுதினார்: "நானும் இப்பத்தான்." அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அண்ணி அந்த வீடியோவை எடுத்துவிட்டாள். வந்தவர்களையெல்லாம் கும்பிட்டு அனுப்பிவிட்டு, கால் போனவர்களை மட்டும் வைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்தவர்களைப் பிடித்து, குரூப்பில் ஹார்ட் போடவே வழியில்லாமல் செய்யவைத்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நானே சொன்னேன், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சிலர் மனசு விட்டுப்போய்த் தாங்களாகவே விலகினார்கள். மிச்சமிருப்பவர்கள் விளக்கு வைத்த நேரத்தில் இன்னும் அனுப்புகிறார்கள். அண்ணியும் பார்க்கிறாள். ஆனால் முன்னைப் போலப் பட்டென்று பதில் வருவதில்லை. ஒரு படத்தைத் திறந்தால் மூடமாட்டேன் என்கிறாள். சோறு ஆறிப்போகும், வாடிக்கையாளர் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார், அவள் ஒரே குதிகாலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டரிடம் போகத் தேவையில்லாதவர்களையும் போகச் சொல்கிறாள். அவர்களும் மறுபேச்சில்லாமல் போகிறார்கள்.

அண்ணன் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். புதுச் செருப்பும் எடுப்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுவான். அண்ணி தரையில் உட்கார்ந்து, அதை மடியில் ஏந்தி, விரலிடுக்கெல்லாம் விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அங்கே ஒன்றும் இல்லை. நானே எட்டிப் பார்த்திருக்கிறேன், நல்ல கால். நேற்றும் அப்படித்தான். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன், "போதும்டி. சுத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எந்திரியேன்" என்றான்.

"இருங்க" என்றாள் அண்ணி. "இன்னொரு தடவை பாத்துக்கறேன்."